சிவப்பு நூல் போட்ட பக்கம்

வீட்டில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் நடக்கும் சத்தமும் கேட்டதில்லை, பேசும் சத்தமும் கேட்டதில்லை. ஆனால் கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சட்டைக் கம்பெனியில் மடித்துப் பெட்டியில் வைக்கிற வேலை. சட்டைக்கு உள்ளே வைக்கும் அட்டையில் ஓரம் மடங்கியது, கறை பட்டது என்று கழித்துப் போடுவதைக் கேட்டு வாங்கி வருவாள். அவள் செய்கிற வாழ்த்து அட்டைகளுக்கெல்லாம் அதுதான் முதுகெலும்பு. பழைய காலண்டர், பரிசு சுற்றி வந்த தாள், மருந்துக்கடைப் பையின் பச்சை நிறம், எதுவும் அவள் கைக்குத் தப்பாது.

"இந்தக் குப்பையக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறியே!" என்பாள் ஓரகத்தி. யாருக்காவது பிறந்தநாள் என்றால் முதல் ஆளாக வந்து, "எனக்கு ஒன்னு பண்ணிக் குடுடி" என்று நிற்பவளும் அவள்தான்.

மாமனார் பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருடம் ஓட்டியாயிற்று. ரிட்டயர் ஆகிற அன்று டிப்போக்காரர்கள் ஒரு மண்டபம் பிடித்து விருந்து வைப்பதாகச் சொன்னார்கள். மாமியார் ஒரு துணிப்பை நிறையப் பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"மாமாவுக்கு ஒரு ஆல்பம் பண்ணிடு பூனை. கடையில விக்கிற மாதிரி வேணாம். நீ பண்ற மாதிரி."

அவள் எடுத்ததும் ஒட்டமாட்டாள். படங்களை மேஜையில் பரப்பி இரண்டு நாள் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தத் தாள், எங்கே ஓரம் கட்டுவது, எங்கே நாலு வரி எழுத இடம் விடுவது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் பெரிய அத்தான், அதாவது புருஷனின் அண்ணன், மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ எதுக்கு இதுல?"

ஆறு படங்களில் நாத்தனார் இருந்தாள். பெரிய அத்தான் பார்த்து முடித்த மாப்பிள்ளையின் வீட்டைவிட்டு ஆறு வருடத்துக்கு முன்னால் வெளியேறி, இப்போது வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்றிலிருந்து அவள் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவள் கடைசியாக இந்த வாசலைத் தாண்டியபோது பையைத் தெருமுனைவரை தூக்கிக்கொண்டு போனது பூனைதான். போகாதே என்றும் சொல்லவில்லை, போய்வா என்றும் சொல்லவில்லை. அது இன்னும் அவளுக்கு உறுத்தல்தான்.

"டிப்போ ஆளுங்க பூரா வருவாங்க. பொண்ணு எங்க, மாப்ள எங்கன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தனுக்கும் நான் பதில் சொல்லிட்டு நிக்கணுமா? உன்கிட்டதான் கத்திரிக்கோல் இருக்கே, நறுக்குனு வெட்டிடு."

அவள் வெட்டினாள். பெரியவர் சொன்னால் தலையாட்டித்தான் பழக்கம்.

ஐந்து படங்களில் நாத்தனார் ஓரத்தில் நின்றதால் சுலபமாக வந்துவிட்டாள். ஆறாவது படம்தான் மல்லுக்கட்டியது. பஸ்ஸுக்கு முன்னால் காக்கிச் சட்டையில் மாமனார், தோளில் நாலைந்து வயதுப் பெண். தோளுக்கு மேலே இருந்ததை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நீலத் தாளை வைத்தாயிற்று. ஆனால் இரண்டு சின்னக் கால்கள் அவர் நெஞ்சில் தொங்கின. இரண்டு கணுக்காலையும் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். காலை வெட்டினால் அவர் விரலும் போய்விடும்.

"அது மேல ரெண்டு பூவ ஒட்டிடு, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் ஓரகத்தி.

அட்டை செய்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். பசை சிந்தினாலும் எழுத்து தப்பினாலும் ஒரு காகிதப்பூவால் மூடிவிடலாம். நூறு கறையை அவள் அப்படி மூடியிருக்கிறாள். இரண்டு பூக்களை ஒட்டிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு ஆம்பளை இரண்டு கையிலும் பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கறையை மூடப் போன பூவே இப்போது கறையாக நின்றது.

பிளேடு முனையால் பூக்களைக் கிளப்பினாள். ஒரு பாதத்தில் கொஞ்சம் நிறம் உரிந்துகொண்டு வந்தது. போகட்டும். அவள் எந்தத் துண்டையும் எறிகிற ஆள் இல்லை. ஆறு நாத்தனார்களையும் பொறுக்கி எடுத்து, ஆறு படங்களையும் ஒரே பக்க அட்டையில் வைத்து, அவரவர் இடத்தில் பொருத்தினாள். பின்பக்கம் பசை தடவி நகத்தால் நீவினால் வெட்டிய கோடு கண்ணுக்கே தெரியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்த வித்தைதான். செய்யவில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் ஊசியால் துளை போட்டு, அட்டையோடு சேர்த்துச் சிவப்பு நூலால் தைத்தாள். ஆறு படத்திலும், பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

அவள் புருஷன் எட்டிப் பார்த்தான். "அய்யோ, அண்ணன் பாத்தா?"

"பாக்கட்டும்."

"எனக்கெதுக்கு வம்பு. நான் பாக்கவே இல்ல" என்று டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மண்டபத்தில் ஆல்பத்தை முதலில் புரட்டியது பெரிய அத்தான். தைத்த பக்கம் வந்ததும் காது சிவந்தது. அவளை ஒரு தூணோரமாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கத்த உருவு. இப்பவே."

"மாட்டேன் அத்தான்."

"என்ன சொன்ன?"

"வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன். அது என் தப்பு. தச்சுட்டேன். திரும்பப் பிரிக்க மாட்டேன்."

ஆல்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரோடு பல வருடம் ஓடிய கண்டக்டர், காற்று மாறியது தெரியாமல், "குடும்மா, நானும் பாக்குறேன்" என்று கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார்.

"இந்தக் குட்டி யாரு? டிப்போவுக்கு வந்து ஸ்டீயரிங்கப் புடிச்சுத் தொங்குமே, அதானே?"

மாமியார் தரையைப் பார்த்தார். மாமனார் மாலையைச் சரிசெய்தார்.

"மாமாவோட பொண்ணு" என்றாள் பூனை. மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது. அவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

மாமனார் ஆல்பத்தை வாங்கி நூல் போன வழியில் கட்டைவிரலை ஓட்டினார். "ஹாரன அடிச்சு அடிச்சே பேட்டரியக் காலி பண்ணுவா" என்றார் கண்டக்டரிடம். ஆறு வருடத்தில் மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பெரிய அத்தான் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கப் போகிறவர்போல் நகர்ந்துவிட்டார்.

மறுநாள் பெரிய அத்தான் உத்தரவு போட்டார். "ஆல்பத்த பீரோவுல வச்சுப் பூட்டு. வர்றவங்க கண்ணுல படக்கூடாது."

அவளோ ஆல்பத்தைக் கொண்டுபோய் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில், சிவப்பு நூல் தெரிகிற பக்கமாகத் திறந்து வைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது அவர் மூடினார். அவர் தெரு திரும்பியதும் இவள் திறந்தாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாமியார் வந்து, ஃபேன் காற்றில் பக்கம் புரளாமல் இருக்கத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனார்.

இன்று காலை பெரிய அத்தான் அந்தக் கூட்டை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி மூடினார். பூனை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை அவர் தெரு திரும்பும்வரை காத்திருக்கவில்லை. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போதே, அவர் கண்ணெதிரிலேயே, திறந்து வைத்தாள்.