நூறு வாட்ஸ் பல்பும் ஒரு விசில் சத்தமும்

இந்த மாத ஆரம்பத்தில் என் வீட்டில் ஒரு விசில் அடித்தது. குக்கர் இல்லை. வேக்குவம் கிளீனர்.

சுவிட்சைப் போட்டதும் "வீ... ஈ... ஈ..." என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பதிலுக்கு ஊளையிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மிஷினைத் தூக்கி எதிரே இருக்கிற தேயிலைச் சரிவில் எறிந்திருப்பேன். எறியாததற்கு ஒரே காரணம் என் மனைவி ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு வீசிங் தொல்லை. தூசு ஆகாது. குன்னூர் குளிரில் வெறும் தரையில் கால் வைக்க முடியாது என்பதால் எங்கள் ஹால் முழுக்கக் கார்ப்பெட். அதைத் துடைப்பத்தால் தட்டினால் தூசு எங்கே போகும்? நேராக அவள் நெஞ்சுக்குள்தான். துடைப்பத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. இந்தக் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் ஒரு பாட்டை அவள் தனியாகப் பாட வேண்டும். இருபது வருடமாகக் கூட்டத்தோடு நின்று பாடியவளுக்கு இதுதான் முதல் முறை. பாட்டின் கடைசி வரி ரொம்ப நீளம். ஒரே மூச்சில் பாட வேண்டும். பாதியிலேயே அவளுக்கு இருமல் வந்துவிடும்.

அதற்காகத்தான் அக்டோபரில் இந்த மிஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் சாலமன் சார். எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கேத்தியில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். அங்கே கார்ப்பெட் போட இடமில்லை. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர் அவர்தான்.

இரண்டு வாரம் மிஷின் அருமையாக ஓடியது. ஸ்டெல்லாவின் இருமல் குறைந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் மோட்டார் எரிந்துவிடும் என்று பயந்து மிஷினைக் குழாயோடு எடுத்து வைத்தேன். எங்கே? பல்பு அலமாரியில்தான்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே மழைக்காலத்தில் செருப்பு, பெல்ட், கோட்டு எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் அலமாரிக்குள் ஒரு பல்பை எரிய விடுவோம். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு இல்லை. பழைய குண்டு பல்புகளை நான் பதுக்கி வைத்திருக்கிறேன். "நாப்பது வாட்ஸ் போதுங்க" என்றாள் ஸ்டெல்லா. நான் நூறு வாட்ஸ் போட்டேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

மூன்று வாரம் கழித்து மழை விட்டது. மிஷினை வெளியே எடுத்தேன். விசில்! தூசு ஒரு துளிகூட ஏறவில்லை. அதற்குள் இருமல் திரும்ப வந்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் பாக்கறேங்க. முடியலைன்னா பாட்டை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போனை எடுத்தேன்.

"சார், என்ன மிஷினை என் தலையில கட்டினீங்க?"

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார் சாலமன் சார்.

"விசில் அடிக்குது!"

"எங்க ஊட்டுல பூனைக்குட்டியாட்டம் ஓடுச்சுங்களே..."

"பூனைக்குட்டிய உங்க ஊட்டுலயே வெச்சுக்கிட்டு நரிய எனக்கு அனுப்பிட்டீங்களா? ஞாயித்துக்கிழமையானா முன்னாடி நின்னு பாடறீங்க... வெக்கமா இல்ல?"

"சரிங்க. திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா. ஈரக் கையோடு நிற்கிறாள். "பிராக்டிஸ்ல நான் அவர் பக்கத்துலதாங்க நிக்கணும்" என்றாள்.

திருப்பிக் கொடுத்துவிட்டால் கார்ப்பெட்டை எதால் சுத்தம் செய்வது? மறுநாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி, ஹீட்டர் ரிப்பேர் செய்யும் ரஃபீக்கிடம் போனேன். நீளக் குழாயைப் பஸ்ஸில் யார் தூக்கிக்கொண்டு போவது? மிஷினை மட்டும்தான் எடுத்துப் போனேன். ரஃபீக் கழற்றினான், மாட்டினான், ஓட விட்டான். சத்தமே இல்லை!

"மோட்டாரு தங்கமாட்டம் இருக்குதுங்ணா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நான் அப்படிச் சொல்லலீங்ணா. மிஷின் சொல்லுது."

அவனோடும் ஒரு சண்டை. வீட்டுக்கு வந்து குழாயை மாட்டிப் போட்டேன். "வீ... ஈ... ஈ..." எதிர்வீட்டு நாயும் ஆரம்பித்துவிட்டது.

நான் நாயைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா மிஷின் பக்கத்தில் மண்டியிட்டாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். "ஏங்க, கத்தாதீங்க. இது மோட்டார் சத்தம் இல்ல. எனக்கு வீசிங் வந்தா நெஞ்சுக்குள்ள இப்படித்தான் கேக்கும். எங்கயோ காத்து சின்ன சந்துல நுழையுது."

குழாய் மிஷினில் சேருகிற கழுத்தைக் கையால் இறுக்கிப் பொத்தினாள். விசில் நின்றது. கையை எடுத்தாள். விசில் அடித்தது. மறுபடி பொத்தினாள். நாய்கூட அடங்கிவிட்டது.

குழாயை உருவிப் பார்த்தோம். குழாய் நுனியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் சுட்ட அப்பளம் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. ஸ்டெல்லா வளையத்தைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியைப் பார்த்தாள்.

"எத்தனை வாட்ஸ் போட்டீங்க?"

நான் குழாயைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எத்தனைங்க?"

"நூறு."

அவள் சிரித்த சிரிப்பில் மறுபடி இருமல் வந்துவிட்டது.

ரஃபீக்குக்குப் போன் செய்தேன். அந்த மாடல் வளையம் கோயம்புத்தூரிலேயே கிடைப்பது கஷ்டம் என்றான். "சைக்கிள் ட்யூப வெட்டிச் சுத்துங்ணா, போதும்." இந்த ஏற்ற இறக்கத்தில் எவன் சைக்கிள் ஓட்டுகிறான்? ட்யூபுக்கு எங்கே போவது? யோசித்துக்கொண்டே ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கண் கட்டில்மேல் இருந்தது. என் ஹாட் வாட்டர் பேக்! காலடியில் அது இல்லாமல் டிசம்பரில் எனக்குத் தூக்கம் வராது.

"வேற ரப்பரே இல்லையா?"

"உங்க கால் பெருசா, என் பாட்டு பெருசா?"

கத்தரிக்கோலை நானே எடுத்து வந்தேன். ஒரு பட்டை வெட்டிக் கழுத்தில் சுற்றி, கேஸ் ட்யூபுக்குப் போடுகிற கிளிப்பால் இறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். பூனைக்குட்டி!

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. புதுப் பொருள் கெட்டுப்போனால் நம் நேரம் சரியில்லை என்கிறோம். பழைய பொருள் கெட்டுப்போனால் விற்றவன் திருடன் என்கிறோம். வாங்கியவன் முட்டாளாக இருக்கலாம் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. இருந்தாலும் மறுநாள் ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட்டோடு கேத்திக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவரிடம் சட்டென்று சொன்னேன். "சார், மிஷின் நல்லாத்தான் இருக்குது. நான்தான் சரியில்ல."

"உள்ள வாங்க, காத்தடிக்குது" என்றார் சாலமன் சார். முழுக் கதையையும் கேட்டார். நூறு வாட்ஸ் என்றதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "நானும் ஒரு வருசம் புது ஷூவ சுட்டுட்டனுங்க. கடைக்காரன்கிட்டப் போயி சண்டைகூடப் போட்டேன்!" நான் கொண்டுபோன வர்க்கியில் பாதியை நானே தின்றுவிட்டு வந்தேன்.

தினமும் நானே மிஷினை ஓட்டினேன். கேரல் அன்று ஸ்டெல்லா முன்னால் வந்து நின்றாள். கடைசி வரி வந்தது... அவள் ஒரே மூச்சில் பாடினாள், நான் மூச்சே விடவில்லை. இருமல் வரவில்லை. பின்னால் குழுவோடு நின்ற சாலமன் சார் கர்ச்சீப்பை எடுத்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் என் கையில் ஒரு பார்சலைத் திணித்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். புது ஹாட் வாட்டர் பேக். அதில் ஒரு சீட்டு.

"பல்பு அலமாரியில் வைக்க வேண்டாம்."