பூம்பாறைப் பெரியவரின் நீச்சத்தண்ணி

பூம்பாறைப் பெரியவருக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது. பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு படிவயல் ஏறுவார். தினமும் காலையில் பழைய சோற்றின் நீச்சத்தண்ணி குடிப்பார். பானையை முழுக்கக் காலி செய்யமாட்டார்; அடியில் மிஞ்சிய புளிப்பில்தான் மறுநாள் சோறும் ஊறும்.

நான் கொடைக்கானலில் ஆஸ்பத்திரி வார்டு ஆள். எங்கள் டாக்டர் ஒருமுறை அவரைச் சோதித்துவிட்டு, "நீங்க குடிக்கிற நீச்சத்தண்ணிப் புளிப்புல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. உங்க குடலைக் காக்குறது அதுங்கதான்போல. கொதிக்கவச்சா செத்துரும்," என்றார்.

"அப்படிங்களா," என்றார் பெரியவர்.

அடுத்த வருடம் அவருடைய பங்காளி வயிற்றுப்போக்கு நிற்காமல் எங்கள் வார்டில் கிடந்தார். முன்பு வாய்க்காலை மறித்துப் பெரியவரின் வயலைக் காயவிட்டவர் அவர். மருந்து எதுவும் பலிக்காததால், அந்த நீச்சத்தண்ணியை வாங்கிவர டாக்டர் என்னை அனுப்பினார்.

பெரியவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்துத் தூக்குவாளியோடு வந்தார். "வெரசாப் போ. நான் குடுத்தேன்னு சொல்லு."

பஸ்ஸில் மடியில் வைத்தபோது வாளி சுட்டது. கொடைக்கானல் குளிரில் ஆறிவிட்டது. சுட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பங்காளி கும்பிட்டு வாங்கிக் குடித்தார். நாலாம் நாள் இறந்தார்.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஏங்கய்யா சுடவச்சீங்க?"

"அவன் தண்ணிய மறிச்சான். நான் தண்ணி குடுத்தேன். உயிரோட குடுக்கணும்னு எவன் சொன்னான்?"

பிறகு பானையிலிருந்து எனக்கு ஒரு சொம்பு மொண்டு நீட்டினார். சில்லென்று புளித்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.