சன் வைசரில் இருந்த ஓலை

1. மீட்டர் போட்டோ

எந்த வண்டியாக இருந்தாலும் கதவைத் திறந்ததும் நான் துணியை எடுப்பதில்லை. முதலில் சாவியைப் போட்டு மீட்டரை ஒரு போட்டோ எடுப்பேன். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று அதில் தெரியும். அப்புறம் சீட்டுகள், டேஷ்போர்டு, சன் வைசர், மேற்கூரைத் துணி எல்லாவற்றையும் எடுப்பேன். முன்பே இருந்த கிழிசலை நான் கிழித்ததாக யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? நான் எட்டாவதோடு நின்றவள். எதிரே நின்று நாலு வார்த்தை இங்கிலீஷில் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போட்டோ எனக்காகப் பேசும்.

இந்தப் பழக்கம் முதல் நாளிலேயே வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு வாட்டர் சர்வீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியே தண்ணீர் அடிப்பது ஆண்கள் வேலை, உள்ளே பெருக்கித் துடைப்பது என் வேலை. சில வண்டிகளில் முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் கலரில் ஒரு கனெக்டர் இருக்கும். அது ஏர்பேக்குக்குப் போகிற ஒயர் என்று எனக்குத் தெரியாது. பிரஷ் பட்டுக் கழன்றுவிட்டது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மொத நாளே வண்டிக்கு ஜொரம் வரவெச்சிட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது தனியாக வீடு வீடாகப் போகிறேன். ஸ்கூட்டியின் பின்னால் தூசி இழுக்கிற வேக்கம் டிரம், முன்னால் பிரஷ், துணி, கெமிக்கல் கேன். பெண் என்பதால் வீட்டில் இருக்கிற பெண்கள் யோசிக்காமல் கேட்டைத் திறக்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான். மற்றபடி இன்றைய வண்டிக்குப் போகும் வழியெல்லாம் நேற்றைய வண்டியை நினைத்துக்கொண்டே போவேன். ஸ்பாஞ்ச் முழுசாகக் காய்ந்திருக்குமா? ஈரம் நின்று நாறினால்? கூரைத் துணியில் தண்ணீர் ஜாஸ்தி ஆகி, பசை விட்டுத் தொங்கிவிட்டால்?

2. பின்சீட்டு குடித்த தேன்

களமருதூர் பக்கத்தில் இருக்கிற ஸ்டெல்லா டீச்சர் ஒரு நாள் போன் செய்தார். அவர் வீட்டு வண்டியை வாட்டர் சர்வீஸ் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் லூர்துசாமி அண்ணன் நெல் வைக்கிறவர்.

"செல்வி, கல்வராயன் மலைக்குப் போயி தேனு வாங்கிக்கினு வந்தோம். கொண்ட ஊசி வளைவுல பாட்டில் சாஞ்சி மொத்தத்தயும் பின்சீட்டு குடிச்சிடுச்சி. எங்களுக்கு முன்னாடி எறும்பு ஏறி உக்காருது. நீ வந்து சுத்தமா பண்ணிக் குடு. உள்ள ஒரு குப்ப கூட இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை போனேன். அண்ணன் கழனிக்குப் போயிருந்தார். டீச்சர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்துவைத்து, வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன்.

வண்டி உள்ளே வேலை மேலிருந்து கீழே வரவேண்டும். கீழே முடித்துவிட்டு மேலே தொட்டால் தூசி திரும்ப விழும். அதனால் முதலில் கூரையும் வைசரும். டிரைவர் பக்கத்தில் வெயில் மறைக்கிற வைசரை இறக்கியபோது பழைய பெட்ரோல் பில் இரண்டும் ஒரு காய்ந்த ஓலையும் இருந்தன. ஓலை விரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு மடிப்பு. தொட்டதும் நுனி பொடியாக உதிர்ந்தது. பில்லைப் பத்திரமாக டேஷ்போர்டு டிராயரில் வைத்தேன், காகிதம் என்றால் எனக்குப் பயம். ஓலையைப் பார்த்து, அண்ணன் சாப்பிட்டபின் பல் குத்த வைத்திருப்பார் என்று நினைத்துக் கீழே தட்டினேன். வேக்கம் அதை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

டிரம்மில் இருந்த காய்ந்த தூசியைச் சாக்கில் கொட்டிக் கட்டிவைத்துவிட்டுத் தேனுக்கு வந்தேன். தேன் கறையைத் தேய்த்தால் உள்ளே போகும், ஒற்றித்தான் எடுக்கவேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, இளகவிட்டு, ஒற்றி, மறுபடி வெந்நீர். எட்டு முறையாவது செய்திருப்பேன். அப்புறம் கெமிக்கலைத் தண்ணீரில் கலந்து மெல்லிய பிரஷ், பிறகு ஈரத்தை இழுக்க வேக்கம், பிறகு டேபிள் ஃபேன். மஞ்சள் கனெக்டரை மூன்று முறை குனிந்து பார்த்தேன்.

சாயங்காலம் டீச்சர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து மோந்து பார்த்தார். "புதுசு மாரி இருக்குது செல்வி" என்றார். நான் மீட்டரையும் காலையில் எடுத்த மீட்டர் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

3. திருப்பி வாங்கிய குப்பை

மறுநாள் காலை போன். டீச்சர் குரல் இறங்கியிருந்தது.

"செல்வி, டிரைவர் பக்கம் வைசர்ல ஒரு ஓல சொருகி இருந்துச்சே. எடுத்து எங்கனா வெச்சியா?"

"இன்னா ஓலைங்க டீச்சர்?"

"குருத்தோல. குருத்தோலை ஞாயிறன்னிக்கிக் கோயில்ல மந்திரிச்சிக் குடுப்பாங்க. சிலுவ மாரி மடிச்சி வெச்சிருந்தாரு, குறுக்குத் துண்டு எப்பவோ விழுந்துடுச்சி. மறுவருசம் திருப்பிக் குடுத்தா அத எரிச்சித்தான் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுப்பாங்க. நாளைக்கி வாங்குறாங்க. அதான் அவரு காலையில இருந்து தேடறாரு."

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை நிற்கவிடவில்லை. முந்தின வருடம் முழுக்க டீச்சரை வைத்தியத்துக்குப் பாண்டிச்சேரிக்கு அந்த வண்டியில்தான் அண்ணன் கூட்டிப்போனார். வாராவாரம். ஒவ்வொரு முறையும் அந்த ஓலையைத் தொட்டுவிட்டுத்தான் சாவி போடுவார். டீச்சருக்கு நல்லாகட்டும், அப்புறம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, போன முறை கோயிலில் கேட்டபோதும் கொடுக்காமல் வைத்திருந்தார். இந்த வருடம் நல்லாகிவிட்டது.

"பாக்கறேங்க டீச்சர்" என்று வைத்துவிட்டேன். குப்பையோடு போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்தவர் கேட்டுக்கு முன்னால் தூசி கொட்டக்கூடாது என்பதால் சாக்கை வீட்டுக்கே கொண்டுவருவேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் சாக்கு இல்லை. தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. பக்கத்து வீட்டு வசந்தா எனக்கு உதவுவதாக நினைத்துச் சாக்கை இழுத்துப்போய் வண்டிக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

வண்டிக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மக்குற குப்ப மக்காத குப்ப பாத்துருக்கேன். திருப்பி வாங்குற குப்ப இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

பழைய புடவையை விரித்துக் கொட்டினேன். அந்த வாரத்தில் செய்த மூன்று வண்டிகளின் தூசி அதில் இருந்தது. மணல், முறுக்குத் தூள், ஹேர்பின், சாக்லெட் பேப்பர், செத்த எறும்பு. ஒரு மணி நேரம் கிளறியதில் ஓலைத் துண்டு நான்கு கிடைத்தது. ஒன்றில் அந்த மடிப்பு இருந்தது.

வசந்தா பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்காடி இப்டி அழுவுற? ஓலதான? தென்ன ஓல கிழிச்சி மடிச்சி வெயில்ல போடு. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். யாருக்குத் தெரியும்?"

ஒரு நிமிடம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழைய ஓலை எப்படி இருந்தது என்று பார்க்கப் போனைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை காலை எடுத்த போட்டோவில் ஓலை தெளிவாக இருந்தது. வைசர் ஓரத்தில், அண்ணன் விரல் பட்டுப் பட்டு மடிப்பு மட்டும் கறுத்து, மினுக்கென்று. அந்தக் கறுப்பை வெயிலில் காயவைத்து வரவழைக்க முடியாது. எனக்காகப் பேசும் என்று நான் எடுத்துவைத்த போட்டோ அன்றைக்கு அவர் பக்கம் பேசியது.

4. நீட்டிய பொட்டலம்

துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். அண்ணன் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, நாந்தான். பல்லு குத்துற ஓலன்னு நெனச்சி வேக்கத்துல இழுத்துட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லு குத்துறதா?" என்றவர், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார். "இதுல எறும்பும் இருக்குதே" என்றார்.

"பிரிச்சிப் பாத்தேண்ணே. முழுசா முடியல."

"முழுசா என் கையால குடுக்கணும்னு வெச்சிருந்தேன்மா." அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு மடிப்பு இருந்த துண்டை ஒரு விரலால் தொட்டார், சாவி போடுவதற்கு முன்னால் தொடுவார் என்று டீச்சர் சொன்னாரே, அதே மாதிரிதான் இருக்கவேண்டும். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு, காணோம்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

புதன்கிழமை உளுந்தூர்பேட்டையில் ஒரு வேலை முடித்துவிட்டு வரும்போது அந்த வண்டி எதிரே வந்து நின்றது. அண்ணன் நெற்றியில் சாம்பல் சிலுவை. பக்கத்தில் டீச்சர் நெற்றியிலும். எங்கள் வீட்டிலும் திருநீறு பூசுகிறோம். அது எதை எரித்து வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அண்ணன் கண்ணாடியை இறக்கி நெற்றியைத் தொட்டுக்காட்டினார். "பாத்துக்கோம்மா. ஊர் மொத்தத்துக்கும் உன் வேக்கத்துத் தூசியத்தான் பூசி வுட்டுருக்காரு ஃபாதர்." இந்த முறை அவரும் சிரித்தார். அவர் தலைக்கு மேலே வைசர் காலியாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டர், கனெக்டர், கூரைத் துணி என்று நான் பயந்த இடத்திலெல்லாம் அன்றைக்கு ஒன்றும் கெடவில்லை. இது குப்பைதான் என்று பயமில்லாமல் கைவைத்த ஒரே இடத்தில்தான் கெட்டது. அதற்கப்புறம் வேக்கத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டை விரிக்கிறேன். வண்டிக்குள் கிடைப்பதெல்லாம் முதலில் அதன்மேல். காய்ந்த எலுமிச்சம்பழம், ஒற்றைக் கொலுசு மணி, குங்குமப் பொட்டலம், பாதி பென்சில். வீட்டுக்காரர்கள் சில பேர் சலித்துக்கொள்வார்கள். "இதுக்கெல்லாமா கூப்புடுவ?" என்பார்கள்.

கூப்பிடுகிறேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிக் கேட்கிறேன். "இது குப்பைங்களா?"