கல்யாண ஆல்பத்தில் ஒரு ஒப்பாரி

டிவியைப் போட்டா அந்த ஜோடிதான். அவரு பாட்டுக்காரரு, அவங்க நடிகை. கொழும்புல கல்யாணம். அதுக்கு ஒரு ஆல்பம் போடுறாங்களாம், ஆனா அதுல பாட்டே கிடையாதாம். கடல், ரயில், மழை, கொட்டுன்னு நாடு பூரா சத்தம் புடிச்சு ஒண்ணா கோக்குறாங்களாம். புதுமையாம்! அதுக்குத்தான் ஒரு தாடிக்காரன் மைக்கும் கையுமா லிந்துலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேந்தான்.

அன்னைக்குன்னு பாத்து விடிகாலையில அப்பாவுக்கு நெஞ்சு வலி. தோட்டத்து லொறியில ஏத்தி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அண்ணன் கூடப் போனாரு. நானும் அம்மாவும் மாத்துத் துணி எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போறதா பேச்சு. எங்க வீடுங்க வரிசையா இருக்கிற லயத்துல போன் எடுக்காது. சிக்னல் வேணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். அம்மா அப்பா கட்டுற சாரத்தை மடிக்கிறாங்க, பிரிக்கிறாங்க, மறுபடி மடிக்கிறாங்க.

அப்பத்தான் கீழ இருந்து சாவுத் தப்பு மேளம் கேட்டுச்சு.

எங்க தோட்டத்துல பொறந்தவங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்ல. தப்புல கல்யாணத்துக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. சாவு அடி கேட்டா கொழுந்து எடுக்கிற கை அப்படியே நின்னுடும். ஆபீசுக்குப் போன் வந்திருக்கும், அங்கிருந்து தப்புக்காரங்களுக்குச் சேதி போயிருக்கும், நம்மகிட்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரலன்னு எனக்கே தோணுச்சு. அப்ப அம்மாவுக்கு?

அவங்க வாசல்ல உக்காந்து, முடியை அவுத்துப் போட்டு, ஒப்பாரி வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் போனை எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினேன். பனியில வழி தெரியல, விழுந்து எழும்பி ஓடினேன். அண்ணன் எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுத்தாரு.

"அப்பா..."ன்னேன்.

"ஊசி போட்டாங்க, இப்பத்தான் பாண் சாப்பிட்டாரு. பிளேன்டீ வேணுமாம், நர்ஸ் ஏசுது. நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

ஐயோ, என் தெய்வமே! அங்கயே உக்காந்து அழுதேன்.

எறங்கி வந்து பாத்தா லயமே எங்க வாசல்ல கூடி அழுவுது. அம்மாவுக்கு முன்னால அந்தத் தாடிக்காரன் முட்டி போட்டு மைக்கை நீட்டிக்கிட்டு இருக்கான்! மத்த அடியெல்லாம் புடிச்சவன், தப்புக்காரங்களைக் கெஞ்சிக் கூத்தாடி சாவு அடியையும் அடிக்க வெச்சிருக்கான். லயத்துக்குக் கேக்காதுன்னு அவங்களும் ஃபேக்டரிக்கு அந்தப் பக்கம் போய் அடிச்சிருக்காங்க. அழுகைச் சத்தம் கேட்டதும் இவன் ஓடி வந்துட்டான்.

"எங்கப்பா உசிரோட இருக்காருடா பாவி! அழிடா அதை!"

அவனுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. "தெரியாம நடந்துருச்சு அக்கா, மன்னிச்சிருங்க. நீங்க சம்மதிக்காம எங்கயும் போடமாட்டோம்"னு சொல்லிட்டு, அழிக்காமயே போயிட்டான். அம்மா என் பேச்சை நம்பல. "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு"ன்னு என்னைப் புடிச்சு உலுக்கினாங்க.

அப்பா வீடு வந்து சேந்தாரு. ஆனா அம்மாவுக்குப் பயம் விடல. உசிரோட இருக்கிற மனுசனுக்குப் பாடின ஒப்பாரி, அது இருக்கிற வரைக்கும் அவரை இழுத்துக்கிட்டே இருக்கும்னு நெனச்சாங்க. "அவரு காதுல மட்டும் விழுந்துடக் கூடாது. இன்னொரு தரம் அந்த நெஞ்சு தாங்காதுடி." லயம் பூரா வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு.

தாடிக்காரன் சம்மதம் கேட்டுத் திரும்பி வந்தான். வாசல்ல வெயில் காஞ்சுக்கிட்டு இருந்த அப்பாவைப் பாத்து, "ஐயா, அந்த ஒப்பாரி உங்களுக்குத்தானா?"ன்னு கேட்டுட்டான். நான் கண்ணைக் காட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

"எனக்கு ஒப்பாரியா? போடு, கேப்போம்"னாரு அப்பா.

அம்மா கதவு நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் அப்பா நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தேன். தாடிக்காரன் போன்ல அம்மா கொரல் வந்துச்சு:

"ஒத்தக் கம்பளிய எனக்குப் போத்தி
ஓரத்துல விறைச்ச என் ராசா,
ஏறாத மலையில எங்கூட ஏறி
என் கூடை சுமந்த என் ராசா..."

அம்மா அப்பாவைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல. சோத்துல உப்பு கூடினாலும் அவரு மேலதான் பழி. அப்பா கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, தொடைக்கவே இல்ல. முடிஞ்சதும் தாடிக்காரன் மெதுவா, "ஐயா, கல்யாண ஜோடி ரெண்டு பேரும் கேட்டு அழுதுட்டாங்க. ஆல்பத்துல கடைசியா இதைத்தான்..."ன்னான்.

"அழிச்சிரு தம்பி. அவங்க கல்யாணத்துக்கு அவங்க பாடிக்கட்டும். இது எனக்குப் பாடினது."

அவன் எங்க கண்ணு முன்னாடியே அழிச்சான். வேற எங்கயும் இல்லன்னு சத்தியம் பண்ணிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனான். அவன் போனதும் அப்பா அம்மா பக்கம் திரும்பினாரு.

"அந்தக் கம்பளிச் சேதியை இன்னொரு வாட்டி சொல்லு."

"சீ, போங்க. அதெல்லாம் சொல்ற அன்னைக்குத்தான் சொல்லணும்."

"அன்னைக்கு நான் எப்படிடி கேக்குறது?"ன்னாரு அப்பா.