நோன்பில்லாத நாட்கள்

எங்கள் ஊர்ப் பெண்கள் அடுத்த வீட்டில் என்ன கறி என்று சட்டி மூடியைத் திறந்தே பார்ப்பார்கள். யாருக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த மருமகன் எந்த மாமியோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்பதெல்லாம் கிணற்றடியிலேயே அலசி முடிந்துவிடும். ஆனால் நோன்பு மாதத்தில் ஒரு பெண் நோன்பு பிடிக்கவில்லை என்றால் மட்டும் ஒருத்தியும் ஏன் என்று கேட்கமாட்டாள். மாதவிலக்கு வந்தவளுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்பை அவள் பிறகு பிடித்துக்கொள்வாள். அதைக் கேட்டு அவளைக் கூச வைக்கக் கூடாது என்பது எங்களுடைய மரியாதை. அந்த மரியாதையின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

ராத்தா எனக்கு ஒரே சகோதரி, மூத்தவள். சீதனமாகக் கொடுத்த வீட்டில் அவளும் மச்சானும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதே வளவில் பின்வீட்டில் உம்மாவும் நானும். மூன்றாவது பிள்ளைப்பேற்றில் ராத்தாவுக்கு இரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. இன்னொரு பிள்ளை கூடாது என்று டொக்டர் சொன்னதும் மச்சான் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அங்கேயே குழாயைக் கட்டிப் பிள்ளைப்பேற்றை நிறுத்துகிற ஒப்பரேசனைச் செய்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அதை எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். ராத்தா மட்டும் சந்தோசமாக இருந்தாள். இனி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருசம், கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற நாட்களில் நோன்பு வந்தது. மச்சான் சிறுபோக அறுவடைக்காக வயல் வாடியிலேயே தங்கியிருந்தார். நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ராத்தா தொழுகையை விட்டாள். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று விடியுமுன் சஹருக்கு அவர்களோடு எழும்பிச் சாப்பிட்டாள். பின்னேரம் பாங்கு சொன்னதும் அவர்களோடு ஈச்சம்பழத்தை வாயில் வைத்தாள். பகலில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பாள். நான் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உம்மாவும் அப்படித்தான்.

இரவில் தெருப் பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடித் தொழுவார்கள். ராத்தா அவர்களுக்கு இஞ்சிக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் குந்தியிருப்பாள். ஒரு கிழமை போனது. அடுத்த கிழமையும் போனது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் மரியாதை காத்தார்கள்.

அவளும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த மாதம் விலக்குப் பிந்தி வந்தது, இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. இனிப் பிள்ளை உண்டாகாது என்று முடிவாகிவிட்ட உடம்பில் அவள் ஏன் பிள்ளையைத் தேடப்போகிறாள்? வயிற்று நோவுக்கு மல்லி அவித்துக் குடித்தாள்.

ஒரு பின்னேரம் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. தெருக்கோடியில் நின்ற வாடகைக் காரில் ஏற்றினோம். அவள் தலை உம்மாவின் மடியில் இருந்தது. காருக்குள் வைத்துத்தான் உம்மா முதன்முதலாகக் கேட்டார்.

"எத்தின நாளாப் படுது புள்ள?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே இரிந்தீங்க உம்மா," என்றாள் ராத்தா.

அவள் குற்றம் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை ஏன் கேட்கிறீர்கள் என்ற ஆச்சரியம்தான் அவள் குரலில் இருந்தது. அதுதான் இன்னும் என்னைப் போட்டு வதைக்கிறது.

கட்டிய குழாய்க்குள்ளேயே ஒரு கரு தங்கி, குழாய் வெடித்து, வயிறு நிறைய இரத்தம் என்றார் டொக்டர். அபூர்வமாக அப்படியும் நடக்குமாம். ஒப்பரேசனுக்கு இரத்தம் வேண்டும் என்றார்கள். செய்தி போனதும் தெருவே வந்துவிட்டது. இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் எதற்கு வம்பு என்று தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினார். நல்ல மனிதர்கள். அவளுடைய இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத தெரு, தன் இரத்தத்தைக் கொடுக்க வரிசையில் நின்றது. பொழுதுபடச் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முந்தியே ராத்தா உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டாள். வந்தவர்கள் ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்தார்கள்.

அடுத்த நோன்பிலிருந்து உம்மா கேட்கத் தொடங்கினார். கண்ணில் பட்ட பெண்ணிடமெல்லாம், ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல், நோன்பு இல்லையா, எப்போதிருந்து, நோவு இருக்கிறதா என்று கேட்பார். பெண்கள் எங்கள் விறாந்தைக்கு வருவதை ஒவ்வொருவராகக் குறைத்தார்கள். மகள் போனதோடு மறை கழன்றுவிட்டது என்று கதைத்தார்கள். மானம் போகிறது என்று நானும் சண்டை பிடித்தேன். உம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில வருசங்களில் ராத்தாவின் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். அந்த நோன்பில் ஒரு நாள் குசினி மூலையில், தாயைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு துண்டு ரொட்டியோடு குந்தியிருந்தாள். உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அதே கேள்விகளைக் கேட்டார். பிள்ளைக்கு முகம் சிவந்து, காப்பாற்றச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தாள். விடுங்களேன் உம்மா என்றேன்.

"முந்தாநாள்ல இரிந்து. நோவு இல்ல உம்மம்மா. ஏன் எல்லாரிட்டயும் இதையே கேக்கிறீங்க?"

உம்மா அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"உன்ட உம்மாட்ட நான் காருக்குள்ள வெச்சித்தான் கேட்டன், மகள்."