டிக்கியில் மாமா பொருத்திய பெட்டி

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் காது விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்கினாலும் எனக்குக் கேட்கும். அந்தப் பெருமை ஒன்பது வயதில் வந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் என் தாய்மாமா வேலை பார்த்த காலம்.

அதற்கு முன்னால் மாமா பன்னிரண்டு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபின் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டது அவர் சம்பளத்தில்தான்.

கார் டிக்கியில் பெரிய பெட்டி வைப்பது அப்போது புதுசு. சப்வூஃபர் என்பார்கள். பாட்டுப் போட்டால் நெஞ்சுக்குள் யாரோ குத்துவதுபோல இருக்கும். மாமா பலகை அறுத்துப் பெட்டி அடித்தால் ஒரு இடுக்கு இருக்காது. அந்தத் தடதடப்பை உள்ளங்கையை வைத்தே அளந்துவிடுவார்.

சங்கடம் வேறு. ஒயர் சரியில்லாவிட்டால், எஞ்சினை முடுக்கும்போது ஸ்பீக்கரில் கொசு கத்துவதுபோல மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அதற்குத்தான் நான். முடிந்த வண்டிகளைச் சனிக்கிழமைக்கென்று நிறுத்தி வைத்திருப்பார். அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாட்டோடு போவேன். மாமா ஆக்சிலேட்டரை மிதிப்பார். கொசு கத்தினால் நான் விரலைக் காட்டவேண்டும். உடனே டிக்கிப் பக்கம் போய், தகரத்தில் பெயிண்டைச் சுரண்டி, ஒயரை வேறு இடத்தில் முடுக்கிவிட்டு வருவார். நான் தலையாட்டினால்தான் வண்டி வெளியே போகும்.

கடையில் வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்புவாள். பெரியவர்களுக்கு நடுவில் பேசக்கூடாது என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நஞ்சன்கூட்டுக்காரர் ஒருவர் தன் வெள்ளைக் காரை எடுக்க வந்தார். முடுக்கிப் பார்த்தார். வேண்டாத சத்தம் துளிகூட இல்லையே என்று அசந்துபோனார். இவன் காதுக்கு எதுவும் தப்பாது என்று கடை முதலாளி கன்னடத்தில் மாமாவைப் புகழ்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் முதலாளியிடம் கன்னடத்திலேயே சொன்னேன்.

"மாமா காது இல்ல சாவ்கார், என் காது. நான் விரல் காட்டினாத்தான் அவருக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா டிக்கிக்குள் குனிந்திருந்தார். முதலாளி விளையாட்டாகச் சாவிக்கொத்தை எடுத்து, அவர் தலைக்குப் பின்னால் ஆட்டினார். மாமா ஸ்குரூவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி இன்னொரு தடவை ஆட்டினார். அவர் சிரிப்பு நின்றது.

தோளைத் தொட்டுத் திருப்பி, எத்தனை வருஷமாகக் காது இப்படி என்று கேட்டார். மாமா அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"மில்லுல இருந்தப்பவே," என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார்.

மாமா ஸ்குரூடிரைவர்களைத் துணியில் சுற்றிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. ஆட்டோக்கள் இடித்துக்கொண்டு வரும் சந்தில் என் கையைப் பிடித்து நடந்தார். காது என்னுடையதுதான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் கடைக்கு நான் மட்டும் வந்தால் போதுமா மாமா என்று கேட்டேன். மாமா முன்னால் பார்த்தபடி நடந்தார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி இன்னும் உரக்கக் கேட்டேன்.