இடுப்பு மாறிய பிள்ளை

சௌந்திரத்துக்கு அன்றைக்கு எழுந்ததிலிருந்தே எரிச்சல். முத்தாட்டம் ஒரு பிள்ளை பெற்றிருக்கிறாள், பத்து மாசம், பேர் செங்கோடன். அவனை நாலு பேர் பார்க்கத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதாம்! இது என்ன கொடுமை என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

ஓமலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பெண்கள் பள்ளிக்கூடம். ஒரு கூரை, ஒரு கரும்பலகை, ஒரே டீச்சர். சௌந்திரம்தான் அந்த டீச்சர். புருஷன் காளியப்பன் மேட்டூரில் அணை கட்டுகிற இடத்துக்குக் கல் வண்டி ஓட்டப் போயிருந்தான். அமாவாசைக்கு அமாவாசை வருவான். அவன் சம்பாத்தியம் மாட்டுத் தீவனத்துக்கே சரியாகிவிடும், அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். மாமியார் செத்துப்போய்விட்டாள், பெற்றவளோ தொலைவில் கெங்கவல்லியில். பிள்ளையை யாரிடம் விடுவாள், பாவம்?

பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போகலாமே என்றால், அங்கேதான் இருக்கிறது வயிற்றெரிச்சல். அந்தப் பள்ளிக்கூடத்தில் கைக்குழந்தைக்குப் பஞ்சமே இல்லை. ஊர்ப் பெண்கள் களையெடுக்கக் கூலிக்குப் போனால், சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய மகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் வராவிட்டால் சர்க்கார் தருகிற கிராண்டுப் பணமும் வராது. அதனால் பள்ளிக்கூட மேனேஜர் சுப்பையன் வாசல் வாசலாகப் போய், "தம்பி தங்கச்சியத் தூக்கிட்டே வாங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். வகுப்பில் பாதிப் பெண்களின் இடுப்பில் ஒரு குழந்தை. மூக்கொழுகுவது ஒன்று, சிலேட்டை நக்குவது ஒன்று.

டீச்சர் பிள்ளை மட்டும் ஆகாது.

"அதுக படிக்க வருதுக, நீ சம்பளத்துக்கு வாரே" என்றார் சுப்பையன். "சம்பளத்தையும் வாங்கிட்டுத் தாலாட்டும் பாடுனா இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சும்மா உடுவாங்களா? ஓமலூர்ல ட்ரெயினிங் முடிச்ச பொண்ணு ஒண்ணு இருக்குது, கலியாணங்கூட ஆகலெ. யோசிச்சுக்கோ." அப்புறம் அவரே வழியும் சொன்னார். "எவ இடுப்புலயாச்சும் ஏத்தி உட்டுரு. உன் இடுப்புல இருக்கப்படாது, அம்புட்டுத்தான்."

நல்ல நியாயம்! ஆனால் வேலை போனால் கஞ்சிக்கு எங்கே போவாள்? மூன்றாம் வகுப்பு ஆராயியைக் கூப்பிட்டாள். அவள் அம்மா அங்காளம்மாள் கைக்குழந்தையைத் தன்னோடு களையெடுக்கிற காட்டுக்கே கொண்டுபோய் மரத்தில் தூளி கட்டிப் போட்டுக்கொள்வாள், அதனால் ஆராயியின் இடுப்பு காலி. "யார் கேட்டாலும் இவன் உன் தம்பி" என்றாள் சௌந்திரம். சொல்லும்போதே நாக்கு கசந்தது. மத்தியான மணி அடித்ததும் கூரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திருடியைப் போலத் தன் பிள்ளைக்குத் தானே பால் கொடுப்பாள்.

இன்றைக்கு அந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்திறங்கிவிட்டார். மத்தியான மணி நெருங்கியும் அவர் கிளம்புகிற வழியாக இல்லை. கடைசி வரிசையில் செங்கோடன் சிணுங்கினான், பிறகு வீறிட்டான். ஆராயி ஆட்டினாள், குலுக்கினாள், வளையலைக் காட்டினாள். ம்ஹூம்.

"யார் பிள்ளை அது?"

"என்ற தம்பிங்க" என்றாள் ஆராயி.

"பசியில் அழுகிறான், தெரியவில்லையா? போ, உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்ப் பால் கொடுக்கச் சொல்லித் தூக்கி வா."

ஆராயி எழுந்து நின்று சௌந்திரத்தைப் பார்த்தாள். எந்த அம்மாவிடம் என்று அந்தச் சிறுமிக்கு எப்படித் தெரியும்? சுப்பையன் வாசலில் நின்று, போ போ என்று கையை ஆட்டினார். ஆராயி போய்விட்டாள். அழுகை மட்டும் களத்து மேடு தாண்டும்வரை கேட்டது.

"சுகாதாரத்தில் குழந்தை வளர்ப்புப் பாடம் நடத்துங்கள், பார்ப்போம்" என்றார் அந்த அம்மா.

நடத்தினாள். குழந்தை அழுதால் முதலில் பசியா என்று பார்க்க வேண்டும், வேளை தவறாமல் பால் கொடுக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினாள். எழுத எழுத மார்பு கட்டி வலித்தது, ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

"நன்றாக நடத்துகிறீர்கள். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?"

"அந்தத் தொந்தரவெல்லாம் இல்லீங்க" என்று முந்திக்கொண்டார் சுப்பையன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை, சௌந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்கம்மா" என்றாள் சௌந்திரம்.

எந்தப் பெற்றவள் வாயில் வருகிற வார்த்தை இது! வகுப்பே சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டது. "கவலைப்படாதீர்கள், சீக்கிரமே பிறக்கும்" என்று அந்த அம்மா வேறு மனசார வாழ்த்திவிட்டு, மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சாப்பாடு முடிந்ததும் கணக்கு வகுப்பைப் பார்ப்பாராம்.

சௌந்திரம் வெயிலில் ஓடினாள். கடலைக்காட்டு ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஆராயி உட்கார்ந்திருந்தாள், மடியில் செங்கோடன்.

"அழுத அழுகைக்கு மனசு கேக்கலீங்க டீச்சரம்மா" என்றாள் அங்காளம்மாள், கையில் களைக்கொத்தோடு. "எம் புள்ளைக்கு இருந்ததைக் குடுத்துட்டேனுங்க."

மகராசி என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். சௌந்திரத்துக்கு ஆத்திரம்தான் பொங்கியது, யார் மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கி மாரில் வைத்தாள். வயிறு நிறைந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள், சிணுங்கிக்கொண்டே தூங்கிப்போனான். வலி பொறுக்க முடியவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் குந்தி, பாலை மண்ணில் பீய்ச்சிவிட்டாள்.

"வேலை நேரத்துல அங்க என்ன பேச்சு?" கடலைக்காட்டுச் சொந்தக்காரன் வரப்பிலிருந்து கத்தினான். "யாரு புள்ளை அது?"

"எம் புள்ளை!" என்று சௌந்திரம் காடே கேட்கிற மாதிரி கத்தினாள். "நான் பெத்த புள்ளை!"

"இருந்துட்டுப் போகட்டும். கூலிக்காரிய உட்டுட்டுத் தூக்கிட்டுப் போ" என்றான் அவன்.

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடியே நடந்தாள், பின்னாலேயே ஆராயியும் வந்தாள். பள்ளிக்கூடத்துக் கூரை கண்ணில் பட்டதும் நின்று, தூங்குகிற பிள்ளையை ஆராயியின் இடுப்புக்கு மாற்றிவிட்டு, தான் முன்னால் போனாள்.